இடையில் ஒரு பாஷை

ஸ்பானிய இலக்கியம் தமிழுக்கு வந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஸ்பானிஷ் இன்னும் வந்து சேரவில்லை. நெரூடா, லோர்கா, போர்ஹெஸ், ரூல்ஃபோ, மார்க்வெஸ் என்று வரிசையாக வந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஏறி இங்கே வந்து இறங்கியவர்கள்தான். இவர்கள் பெயரை எப்படி எழுதுவது என்பதில்கூட நமக்குள் ஒற்றுமை கிடையாது. போர்ஹே, போர்ஹெஸ், போர்ஜஸ் மூன்று பேரையும் தனித்தனி ஆட்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த வாசகர் ஒருவரை எனக்குத் தெரியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1983-இல் பிரம்மராஜன் தொடங்கிய 'மீட்சி' போன்ற பத்திரிகைகள் இல்லாவிட்டால் சேலம், தர்மபுரி, நாமக்கல் பக்கத்து வாசகர்களில் பலருக்கு இந்தப் பெயர்கள் காதில் விழுந்தே இருக்காது. அந்தப் பழைய இதழ்களைக் கேட்டு வாங்கிப் படித்தவர்களில் நானும் ஒருவன்.

சேலத்தில் ஒரு நண்பர் இருக்கிறார். கவிதை எழுதுகிறவர்; மொழிபெயர்ப்பு விஷயத்தில் பிடிவாதக்காரர். மூலபாஷை தெரிய வேண்டும் என்பது பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் ஆசாரம் என்பது அவர் கட்சி. "க.நா.சு.வுக்கு ஸ்வீடிஷ் தெரியுமா? நார்வேஜியன் தெரியுமா? 'அன்பு வழி' உங்களை ஒன்றும் செய்யவில்லையா? 'நிலவளம்' செய்யவில்லையா?" என்று கேட்பார். இதற்கு நேரடியான பதில் கிடையாது. 'அன்பு வழி'யைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசப் பிடிக்காமல் இருந்திருக்கிறேன். லாகர்க்விஸ்ட் ஆங்கிலம் வழியாக வந்தும் தாங்கினார் என்பது உண்மை. எல்லோரும் எல்லா இடத்திலும் தாங்குகிறார்களா என்பதுதான் என் கேள்வி. இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. சலமான்காவில் ஒரு வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது.

பாங்கில் சேர்த்துவைத்திருந்த விடுப்பில் நாலு வாரத்தை எடுத்துக்கொண்டு ஸ்பானிஷ் படிக்கப் போனேன். தில்லியில் செர்வாந்தெஸ் நிலையம் இருக்கிறதே, இங்கேயே படிக்கலாமே என்றார்கள். படிக்கலாம். ஆனால் ஒரு பாஷையை வகுப்பில் கேட்பது வேறு, காலையில் குளியலறைக் கதவுக்கு வெளியே கேட்பது வேறு. ஆறேழு மாதம் புத்தகத்தையும் ஒலிப்பதிவுகளையும் வைத்துக்கொண்டு நாமக்கல்லில் தனியாகத் தடவிக்கொண்டிருந்தவனுக்கு அந்த இரண்டாவது தேவைப்பட்டது. பயிற்சிப் பள்ளிக்காரர்களே ஒரு குடும்பத்தோடு தங்க ஏற்பாடு செய்துகொடுத்தார்கள். ஒரு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, துணி துவைத்துத் தருவார்கள். பகல் சாப்பாடு இரண்டரை மூன்று மணிக்கு, ராத்திரி சாப்பாடு பத்து மணிக்கு. ஊரைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பொன்னிறக் கல்லில் கட்டிய ஊர். 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். சாயங்காலம் எல்லோரும் நடக்க வரும் பெரிய சதுக்கம். நான் வீட்டைப் பற்றி எழுதுகிறேன்.

வீட்டில் மூன்று பெண்கள். வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும், கணவர் காலமாகிவிட்டவர். அவருடைய தாயார் தொண்ணூறு தாண்டியவர், பெரும்பாலும் சக்கர நாற்காலியில். அந்தக் கிழவியைப் பார்த்துக்கொள்ள ஒரு கொலம்பியாக்காரி, நாற்பது வயதுக்காரி. நான் பணம் கொடுத்து அந்த வீட்டில் இருந்தேன், அவள் பணம் வாங்கிக்கொண்டு இருந்தாள். இருவருக்கும் அது பிறத்தியார் வீடு. என் அறைக்கு ஜன்னல் உண்டு, அவள் அறைக்குக் கிடையாது.

முதலில் காதில் பட்டது ஓசைதான். நமக்கு 'த' என்று ஒரே எழுத்து. 'பந்து' என்னும்போது அழுத்தமாகவும் 'அது' என்னும்போது இளகியும் ஒலிக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்து நாம் இதைச் செய்வதில்லை. ஸ்பானிஷிலும் அப்படியே. 'தோந்தே' என்றால் எங்கே. அதில் இரண்டு தகரமும் கெட்டி. 'நாதா' என்றால் ஒன்றுமில்லை; அதில் தகரம் இளகிவிடுகிறது. வகுப்பில் மற்றவர்களுக்கு இது கரும்பலகையில் எழுதிப் போட்ட விதி. எனக்கு அது பந்தும் அதுவும். ரகர றகர பேதமும் அவர்களிடம் உயிரோடு இருக்கிறது: 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். நாமக்கல் பக்கத்து வாயில் அது எழுத்தில் மட்டும்தான் பாக்கி.

சாமான்களின் பெயர்கள் இன்னும் விசித்திரம். மேசைக்கு 'மெஸா', அலமாரிக்கு 'அர்மாரியோ', துவாலைக்கு 'தோஆயா', பொத்தானுக்கு 'போதோன்'. இவையெல்லாம் போர்த்துகீசியர் மூலம் நமக்கு வந்தவை என்று எல்லோருக்கும் தெரியும். பாங்கில் நாங்கள் தினம் புழங்குகிற 'சாவி'யும், நகைக்கடன் கட்டாதவர்களுக்கு நோட்டீஸில் எழுதுகிற 'ஏல'மும்கூட அவர்கள் விட்டுப் போனவைதாம். தெரிந்த சமாசாரமானாலும், அந்தச் சொற்கள் ஒரு கிழவியின் வாயிலிருந்து வீட்டுச் சொற்களாக வரும்போது கேட்பது வேறு அனுபவம். நம் சுற்றத்தார் யாரோ எப்போதோ வீடு மாறிப் போய் அங்கே குடியிருப்பது போலிருந்தது.

போன அன்று ராத்திரியே அந்தம்மாள் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்தினார். என்னை 'உஸ்தெத்' என்று கூப்பிடாதே, 'தூ' என்று கூப்பிடு. 'தூ' என்றால் நீ. 'உஸ்தெத்' என்றால் நீங்கள். ஸ்பெயினில் இப்போது 'தூ'தான் எங்கும் பரவிக் கிடக்கிறது. கடையில், பாங்கில், ஆஸ்பத்திரியில் எல்லாம். எழுபது வயதுப் பெண்மணியை, சோறு போடுகிறவரை, நீ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு வாரமும் 'உஸ்தெத்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுக்காரியிடம் என்னைப் பற்றி அவர் சொன்னது காதில் விழுந்தது: நல்ல பையன்தான், ஆனால் கிட்டேயே வரமாட்டான், சரியான பேங்க்காரன்.

அவருக்கு என் மரியாதை தூரமாகப் பட்டது. வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்: 'தூ' நெருக்கம், 'உஸ்தெத்' சம்பிரதாயம். 1960-இல் ப்ரௌன், கில்மன் என்ற இருவர் முன்னிலைப் பெயர்களை அதிகாரம், இணக்கம் என்ற இரண்டு அச்சுகளில் வைத்துக் காட்டிய கட்டுரை புகழ்பெற்றது. ஐரோப்பாவில் காலப்போக்கில் இணக்கம் ஜெயித்து எல்லோரும் 'நீ'க்கு வந்துவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். எங்கள் ஊர்ப்பக்கத்தை இந்த இரண்டு அச்சிலும் வைக்க முடியாது. "வாங்க சாமி, சாப்புடுங்க கண்ணு" என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் பேசுகிற தாய் என்ன தூரத்தைக் காட்டுகிறாள்? அண்ணன் தம்பிகள் "ஏனுங்க, எங்கீங்க போறீங்க" என்று பேசிக்கொள்வதைக் கேட்டு மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள். சினிமாவில் அது கோமாளிக்கான பேச்சு. அந்த 'ங்க'வுக்குள்ளே இருக்கிற கிட்டத்தை அந்தம்மாளுக்கு எப்படிச் சொல்வது? என் ஸ்பானிஷில் சொல்ல முடியவில்லை. நாலு வார ஸ்பானிஷில் யாராலும் முடியாது.

சொல்லாமல் புரிந்துகொண்டவள் கொலம்பியாக்காரி. அவள் பொயாகா பிரதேசத்து மலைப்பாங்கிலிருந்து வந்தவள். ராத்திரி ஊரிலிருக்கும் தன் மகனோடு போனில் பேசுவாள். பத்து வயதுப் பையனை 'உஸ்தெத்' என்றுதான் சொல்வாள். அதைவிட அடிக்கடி 'சுமெர்சே' என்பாள். முதலில் அதை மகனின் பெயர் என்றே எண்ணிக்கொண்டேன். பிறகு கிழவியையும் 'சுமெர்சே' என்றாள். ஒருநாள் நான் வகுப்பு முடிந்து லேட்டாக வந்தபோது என்னையும் கேட்டாள்: "சுமெர்சே, யா கொமியோ?" சாப்டீங்களா?

'சு மெர்சேத்' என்பதன் மருவு அது; தங்கள் கருணை, தங்கள் தயவு என்று அர்த்தம். 'உஸ்தெத்' என்பதுகூட 'வுஎஸ்த்ரா மெர்சேத்' என்ற அதே கும்பிடு தேய்ந்து வந்ததுதான். காலனி காலத்தில் பண்ணையாள் எஜமானனை நோக்கிச் சொன்ன சொல், பொயாகாவின் சமையலறைகளில் தாய் பிள்ளையைக் கொஞ்சுகிற சொல்லாகிவிட்டது. எனக்கு உடனே 'சாமி' ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் கடவுளுக்கும் சாமி, பிள்ளைக்கும் சாமி. நடுவில் இன்னொரு சாமியும் உண்டு. களத்துமேட்டில் எட்டி நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு 'சாமீ' என்று கூப்பிட வைக்கப்பட்டவர்களின் சாமி. அதை மறைத்துவிட்டுக் கொங்குத் தமிழின் இனிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாதி அகராதிதான் வைத்திருக்கிறார்கள். கொலம்பியாக்காரி வீட்டுக்கார அம்மாளையும் 'சுமெர்சே' என்றுதான் சொன்னாள். அம்மாள் அவளை 'தூ' என்றார். எனக்கு 'தூ' சொல்லும்படி வற்புறுத்தியவர் அவளிடம் அதை வற்புறுத்தியதாகத் தெரியவில்லை. ஒரே வீட்டில் மூன்று பேருக்குள் ப்ரௌனும் கில்மனும் ஒரு வருஷம் வேலை செய்யலாம்.

இதற்கு நேர் கீழே வைத்துப் பார்க்க வேண்டியது ஒரு கோப்பை உடைந்த சம்பவம். பாத்திரம் கழுவும்போது அவள் கையிலிருந்து ஒரு கோப்பை நழுவி விழுந்தது. "ஸெ மெ கயோ" என்றாள். இந்த மூன்று சொல்லை ஆங்கிலத்தில் கொண்டுவர முடியாது. விழுந்தது கோப்பை, 'மெ' என்பது எனக்கு, 'எனக்கு அது விழுந்துவிட்டது' என்று பச்சையாகச் சொல்லலாம். "கை தவறிப் போச்சுங்க" என்று என் அம்மா சொல்வதுதான் அது. செய்தவள் வாக்கியத்தில் இருக்கிறாள், ஆனால் எழுவாயாக இல்லை. தனக்கு நேர்ந்ததாக நிற்கிறாள். ஆங்கிலம் இங்கே 'நான் போட்டு உடைத்தேன்' என்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும். ஆனால் ஸ்பானிஷுக்கும் அது தெரியாமலில்லை. அம்மாள் திரும்பிப் பார்த்துச் சொன்ன வாக்கியத்தில் எழுவாய் அவள், வினை தள்ளிவிடுவது: நீ தள்ளிவிட்டாய். கோப்பை ஒன்றுதான். உடைத்தவளுக்கு அது விழுந்தது. உடையவருக்கு அவள் தள்ளிவிட்டாள்.

கவுண்டரில் கேஷ் எண்ணுகிறவர்களுக்கு இது புதிதல்ல. சாயங்காலம் கணக்குப் பார்க்கும்போது "ஐந்நூறு குறையுதுங்க" என்போம். மறுநாள் வருகிற ஆங்கில மெமோவில் 'நீ குறைவு ஏற்படுத்தியிருக்கிறாய்' என்று இருக்கும்.

இங்கிருந்துதான் எனக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது. எனக்குப் பிடிக்கும் என்பது 'மெ குஸ்தா'. பிடித்தது எழுவாய், நான் நான்காம் வேற்றுமை. எனக்குத் தலை வலிக்கிறது என்பதும் அப்படியே அவர்களிடம் இருக்கிறது. 'வீவோ' என்றால் வாழ்கிறேன். 'நான்' தேவையில்லை, விகுதியிலேயே ஆள் இருக்கிறான். ஆங்கிலத்தில் விகுதி இல்லாததால் 'ஐ' போட்டே தீரவேண்டும். ஒரு நெரூடா கவிதையில் ஸ்பானிஷில் 'நான்' இரண்டு இடத்தில் வந்தால் அது கவிஞன் வேண்டுமென்றே போட்ட அழுத்தம். ஆங்கிலத்தில் அது பதினைந்தாகிவிடும். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழாக்குகிறவர் விசுவாசமாகப் பதினைந்து 'நான்' போடுவார், தமிழுக்கு அது தேவையில்லாதபோதும். புதுக்கவிதையில் எங்கு பார்த்தாலும் 'நான்' மண்டிக் கிடப்பதற்கு இருத்தலியல் காரணம் என்று விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆங்கில இலக்கணமும் ஒரு காரணம் என்று நான் சந்தேகப்படுகிறேன்.

ஸ்பானிஷ் படிக்கப் போகிற எவனையும் முதலில் அச்சுறுத்துவது 'ஸெர்', 'எஸ்தார்' என்ற இரண்டு வினைகள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'இஸ்'தான். வீடு பெரியது என்றால் ஒன்று, வீடு சுத்தமாக இருக்கிறது என்றால் இன்னொன்று. அவன் சோகமான ஆள் என்றால் 'ஸெர்', அவன் சோகமாக இருக்கிறான் என்றால் 'எஸ்தார்'. வகுப்பில் நாலு நாள் இதற்கே போனது. நிரந்தரம், தற்காலிகம் என்று ஒரு விதி, அதற்கு ஒரு விலக்கு, விலக்குக்கு விலக்கு. நான் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'வீடு பெரிசு', 'வீடு சுத்தமா இருக்கு.' நம்மிடம் ஒன்றுக்கு வினையே இல்லை, மற்றதற்கு 'இரு' இருக்கிறது. கோடு போட்டதுபோல் பொருந்தும் என்று சொல்லமாட்டேன்; 'வீடு பெரிசா இருக்கு' என்றும் நாம் சொல்கிறோம். ஆனால் அந்தப் பேதம் நமக்குப் பிறவியிலேயே உண்டு. அவர்களுக்கும் உண்டு. நடுவில் நிற்கிற ஆங்கிலத்துக்கு இல்லை. அவர்கள் அனுப்பியதை அது ஒன்றாக்கி நம்மிடம் தருகிறது. நாம் அதை மறுபடி இரண்டாக்க ஊகம் செய்கிறோம். சில சமயம் ஊகம் சரியாகவும் வரும்.

சாப்பாட்டறைச் சுவரில் அந்தம்மாளின் கணவர் படம் இருந்தது. அவரைப் பற்றிப் பேசும்போது "எஸ்தா முஎர்தோ" என்றார். இறந்திருக்கிறார். இதற்கு 'எஸ்தார்', சுத்தமாக இருப்பதற்கும், வெளியூரில் இருப்பதற்கும், ஜலதோஷமாக இருப்பதற்கும் உள்ள அதே வினை. மாற்றத்தின் விளைவான நிலைக்கு 'எஸ்தார்' வரும் என்று வகுப்பில் விளக்கினார்கள், இலக்கணப்படி சரி. நாம் செத்தவரைப் பற்றி 'இரு' போட்டுச் சொல்வதில்லை. 'அவர் இப்ப இல்லீங்க' என்கிறோம். உயிரோடு இருப்பவருக்குத்தான் இருக்கை. இலக்கணத்தை வைத்துத் தத்துவம் பேசுவது மலிவான காரியம் என்று எனக்குத் தெரியும். எஸ்கிமோக்களின் பனிச்சொற்களை வைத்து எத்தனையோ பேர் பிழைப்பு நடத்தியிருக்கிறார்கள். இருந்தாலும் ரூல்ஃபோவின் 'பெத்ரோ பாராமோ'வில் ஊர் முழுக்கச் செத்தவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது, அந்தம்மாள் படத்தைக் காட்டிச் சொன்ன தொனியைக் கேட்டபின் எனக்கு முன்போல் மாயமாகத் தோன்றவில்லை. அவர்கள் அங்கே இருக்கிறார்கள், செத்து இருக்கிறார்கள்.

சலமான்காப் பல்கலைக்கழகத்தில் ஃப்ரே லூயிஸ் தெ லெயோன் பாடம் நடத்திய அறையை வைத்திருக்கிறார்கள். சரியாக இழைக்காத மரக்கட்டைகள்தாம் பெஞ்சு. அவர் கவிஞர், துறவி. 1572-இல் கைதாகி, 1576 இறுதி வரை வாயாதோலிதில் விசாரணைச் சபையின் சிறையில் கிடந்தார். அவர்மீது சொல்லப்பட்ட குற்றங்களில் இரண்டு: வேதாகமத்தின் லத்தீன் வடிவத்தைவிட எபிரேய மூலத்தை மதித்தது, சாலமோனின் உன்னதப்பாட்டைக் காஸ்தீலிய மொழியில் பெயர்த்தது. இடையிலிருந்த பாஷையைத் தாண்டிப் போனதற்கு நாலரை வருஷத்துக்கு மேல் சிறை. லத்தீன் வெறும் பாஷை அல்லவே, அது உத்தியோகம். நம் ஆங்கிலமும் அப்படித்தான். என்னைப் போல ஆங்கிலத்தில் பி.ஏ. வாங்கி, அந்தப் பட்டத்தில் வேலையும் வாங்கினவனுக்கு அதைத் தாண்டிப் போக அதிகம் தோன்றாது. இங்கே சிறையில் போடமாட்டார்கள். அவ்வளவு தூரம் யாரும் பொருட்படுத்துவதில்லை.

இந்த ஆங்கிலம் எப்போதும் இடையில் இருந்ததா என்றால், இல்லை. 1554-இல் லிஸ்பனில் ஒரு சின்னப் புத்தகம் அச்சாயிற்று. தமிழ் வாக்கியங்கள் ரோமன் எழுத்தில். வரிக்கு வரி போர்த்துகீசிய அர்த்தம். கிறிஸ்தவப் பாலபாடம். அதைச் செய்தவர்கள் வின்சென்டே தெ நஸரே, ஜார்ஜ் கர்வாலியோ, தோமே த க்ரூஸ் என்ற மூன்று தமிழர்கள். ஞானஸ்நானப் பெயர்கள், அம்மா வைத்த பெயர்கள் புத்தகத்தில் இல்லை. கடல் தாண்டிப் போய் ஐபீரிய பாஷை ஒன்றில் புழங்கிய நம் ஆட்கள் நானூற்று எழுபது வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். சொல்லுக்கு மேல் சொல்லாக இரண்டு பாஷையும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு அந்தப் பக்கங்களில் நிற்கின்றன.

இன்னும் பக்கத்துக்கு வரலாம். நாமக்கல்லிலிருந்து திருச்சி போகிற பஸ் தொட்டியம் வழியாகப் போகும். ஆந்தாவோ தெ ப்ரோயென்சா என்ற போர்த்துகீசியப் பாதிரியார் 1666-இல் தொட்டியத்தில்தான் செத்துப்போனார். அவர் தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி அவர் இறந்த பிறகு, 1679-இல், கேரளத்து அம்பலக்காட்டில் அச்சாயிற்று. பிறகு அது காணாமல் போய், வாடிகன் நூலகத்தில் கிடந்த பிரதியைத் தனிநாயகம் அடிகள் கண்டெடுத்து 1966-இல் கோலாலம்பூரில் அப்படியே பதிப்பித்தார். போர்த்துகீசியத்திலும் 'ஸெர்', 'எஸ்தார்' உண்டு. காவிரிக்கரை ஜனங்கள் 'இருக்கு' என்றும் 'இல்லை' என்றும் பேசியதை ப்ரோயென்சா நேராகத் தன் பாஷைக்குள் கேட்டிருக்கிறார், நடுவில் லண்டன் இல்லாமல். அந்த பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். தொட்டியத்தில் டீக்கு நிறுத்துவார்கள்.

திரும்பி வந்து ரூல்ஃபோவைக் கையில் எடுத்தேன். முழுதாக மொழிபெயர்க்கும் யோக்யதை எனக்கு நாலு வாரத்தில் வந்துவிடவில்லை. அகராதியோடு ஒரு பக்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகிறது. 'பெத்ரோ பாராமோ'வின் தொடக்கத்தில் கொமாலா போகும் வழியில் இரண்டு பேர் சேர்ந்து நடக்கிறார்கள். ஒருவன் அப்பனைத் தேடி வந்தவன், இன்னொருவன் கழுதைக்காரன். கொஞ்ச தூரம் போனபின் இருவருக்கும் ஒரே அப்பன் என்று தெரிகிறது. அவர்கள் 'உஸ்தெத்' போட்டுப் பேசிக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் 'யூ'தான். அதை மட்டும் வைத்திருக்கிறவர் வழிப்போக்கர்களுக்கு 'நீ' போடலாம், 'நீங்கள்' போடலாம். எதைப் போட்டாலும் குருட்டாம்போக்கு. எனக்கு அது "எங்கீங்க போறீங்க" என்றுதான் வந்தது. வெயிலில், முன்பின் தெரியாத இரண்டு பேர், ஒரே அப்பனுக்குப் பிறந்தவர்கள், 'ங்க' போட்டுப் பேசிக்கொண்டு போகிறார்கள்.

சேலத்து நண்பரிடம் படித்துக் காட்டினேன். "கொமாலாவுக்கு நாமக்கல் லாரி எப்பய்யா போக ஆரம்பிச்சுது?" என்றார். மெக்ஸிகோக்காரனைக் கொங்குக் கவுண்டனாக்குவது ஆங்கிலத்தைவிடப் பெரிய மறைப்பு இல்லையா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொதுத்தமிழில் 'நீங்கள்' என்று எழுதினால் அவர் ஒப்புக்கொள்வார். ஆனால் அந்த 'நீங்கள்' மேடைப் பேச்சாளரின் 'நீங்கள்'. பாங்கு மெமோவுக்கு நெருங்கின சொந்தம். நாங்கள் இதை இன்னும் பேசி முடிக்கவில்லை.

1953-இல் வந்த அவருடைய கதைத் தொகுதியிலிருந்து ஒரு கதையை இப்போது செய்துகொண்டிருக்கிறேன். அரசாங்கம் குடியானவர்களுக்கு நிலம் கொடுக்கிறது. ஆற்றங்கரை நிலத்தை அல்ல. காய்ந்து பாளம் பாளமாகக் கிடக்கும் ஒரு வெட்டவெளியை. நாலு பேர் அதைக் கடந்து நடக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. தலைப்பில் யார் கொடுத்தார்கள் என்று இல்லை. வினைவிகுதியில் மட்டும் பலர்பால் இருக்கிறது. ஆங்கிலம் 'அவர்கள்' என்று ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தும். நமக்கு அது வேண்டியதில்லை: 'நெலம் குடுத்துட்டாங்க.' யார் குடுத்தாங்க என்று தாலுகா ஆபீஸுக்கு நடந்தவர்கள் யாரும் கேட்பதில்லை.

தலைப்பு ஒரு நிமிஷத்தில் முடிந்தது. 'யானோ' என்ற சொல்லில்தான் இரண்டு மாதமாக நிற்கிறேன். சமவெளி என்று அகராதி சொல்கிறது. பூகோளப் புத்தகத்துக்கு வெளியே அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சேந்தமங்கலத்திலிருந்து ராசிபுரம் வரை கொல்லிமலை அடிவாரத்தில் கிடக்கிற மானாவாரி நிலத்தை, கடலையும் சோளமும் மரவள்ளியும் மழை பெய்தால் வருகிற நிலத்தை, எங்கள் ஜனங்கள் காடு என்கிறார்கள். 'காட்டுக்குப் போறேன்' என்றால் உழப் போகிறேன் என்று அர்த்தம். சென்னை வாசகர் காடு என்றதும் மரங்களைப் பார்ப்பார், புலியைக்கூடப் பார்ப்பார். கதையில் ஒரு மரத்தின் நிழல்கூடக் கிடையாது. இப்போதைக்குக் 'காடு' என்றே எழுதி வைத்திருக்கிறேன்.